முக்கோணவியல் சமன்பாடுகள்: வரலாறும் கற்பித்தலும்

முக்கோணவியல் சமன்பாடு என்பது, தெரியாத கோணம் ஒன்று சைன், கொசைன், டேன்ஜெண்ட் போன்ற விகிதங்களுக்குள் அமைந்திருக்கும் சமன்பாடு. 'சைன் அ = 1/2 எனில் அ என்ன?' என்பது அதன் மிக எளிய வடிவம். இதற்கு 30° என்று விடை எழுதும் மாணவர் தவறு செய்யவில்லை. ஆனால் விடையை முடிக்கவும் இல்லை. 150° என்பதும் விடைதான். வட்டத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தால் 390°, 510° என்று விடைகள் முடிவின்றித் தொடர்கின்றன. எதிர்த்திசையில் சுற்றினால் −210°, −330° ஆகியவையும் விடைகளே.

தமிழ்நாட்டில் இப்பாடம் பதினோராம் வகுப்புக் கணிதத்தில் முக்கோணவியல் இயலிலும், இலங்கையில் உயர்தர இணைந்த கணிதத்தில் திரிகோணகணிதப் பகுதியிலும் இடம்பெறுகிறது. இரண்டு இடங்களிலும் மாணவர்களைத் தடுமாற வைப்பது 'பொதுத் தீர்வு' என்னும் கருத்து. ஒரு கேள்விக்கு ஏன் எண்ணற்ற விடைகள்? அவற்றை ஒரே வரியில் எழுதும் சூத்திரம் எங்கிருந்து வந்தது? வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தடுமாற்றம் இயல்பானது என்பது புரியும். கோணத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. 'எல்லா விடைகளும்' என்ற கேள்வியோ சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் எழுந்தது.

வில், நாண், அரைநாண்

முக்கோணவியல் பிறந்தது வானியலின் துணைக்கருவியாக. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலர் இப்பார்க்கசும், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமியும் வட்டத்தின் நாண்களை அட்டவணைப்படுத்தினர். தாலமியின் அட்டவணை 60 அலகு ஆரமுள்ள வட்டத்தில் அரைப் பாகைக்கு ஒரு நாண் வீதம் அமைந்தது.

இந்திய வானியலர் முழு நாணுக்குப் பதிலாக அரை நாணைக் கணக்கிட்டனர். இது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், அரை நாண் செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கமாக நேரடியாக அமைவதால் கணக்குகள் எளிதாயின. 499ஆம் ஆண்டைத் தன் காலமாகச் சுட்டும் ஆரியபட்டர் 24 அரைநாண்களைத் தருகிறார். கால்வட்டத்தை 24 பங்காக்கினால் ஒவ்வொரு பங்கும் 3 பாகை 45 நிமிடம், அதாவது 225 நிமிடம். ஆரம் 3438 நிமிடம். அரைநாண்கள் 225, 449, 671 என்று தொடர்ந்து 3438இல் முடிகின்றன.

அரைநாணுக்குச் சமற்கிருதத்தில் வழங்கிய பெயர் 'ஜ்யா'. வில்லில் கட்டும் நாண் என்பது அதன் பொருள். இச்சொல் அரபு மொழியில் 'ஜீபா' என ஒலிபெயர்க்கப்பட்டது. அரபு எழுத்தில் குறில் உயிர்களை எழுதும் வழக்கம் இல்லாததால் பின்வந்தோர் அதை 'ஜைப்' என்று படித்தனர். அச்சொல்லுக்கு ஆடையின் மடிப்பு, மார்பகம் என்னும் பொருள்கள் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு 'சைனஸ்' என்று எழுதினர். இன்று மாணவர்கள் சொல்லும் 'சைன்' இதிலிருந்து வந்தது. தமிழில் பயிலும் மாணவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வட்டத்தின் பகுதியை 'வில்' என்றும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை 'நாண்' என்றும் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. பழைய உருவகம் தமிழில் அப்படியே இருக்கிறது.

அட்டவணையைத் தலைகீழாகப் படித்தல்

கோணம் தெரிந்தால் அட்டவணையில் அரைநாணைப் பார்க்கலாம். அரைநாண் தெரிந்தால் அதே அட்டவணையைத் தலைகீழாகப் படித்துக் கோணத்தைப் பெறலாம். அரைநாண் 1719 என்றால் அது ஆரத்தின் பாதி. எனவே கோணம் 30°. முக்கோணவியல் சமன்பாட்டைத் தீர்க்கும் முதல் முறை இதுதான். சூரிய சித்தாந்தம் இந்தத் தலைகீழ்ச் செயலை ஒரு விதியாகவே தருகிறது.

அட்டவணையில் இருப்பது கால்வட்டம் மட்டுமே. எனவே கிடைக்கும் விடையும் ஒன்றே. கோள் வட்டத்தின் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்பது வானியலருக்கு வேறு கணக்கின் வழியாக முன்பே தெரியும். ஒற்றைக் கால்பகுதிகளில் கடந்த தொலைவையும், இரட்டைக் கால்பகுதிகளில் கடக்க வேண்டிய தொலைவையும் கொண்டு கணக்கிட வேண்டும் என்று விதி இருந்தது. பல விடைகளில் எது பொருந்தும் என்பதை வானமே சொல்லிவிட்டது. நிலத்தை அளந்தவர்களுக்கும் இதே நிலைதான். முக்கோணத்தின் கோணம் 180 பாகையைத் தாண்டாது. சைனுக்கு 30°, 150° என இரண்டு விடைகள் வந்தால் களத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துவிடலாம்.

தமிழகத்துப் பஞ்சாங்கக் கணிப்பில் இதற்கு அடுத்த படி ஒன்று காணப்படுகிறது. வாக்கிய முறையில் சூரிய சந்திரர்களின் இடங்கள் முன்கூட்டியே கணக்கிடப்பட்டு, எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் சொற்றொடர்களாக மாற்றப்பட்டிருந்தன. நிலவுக்கு மட்டும் 248 நாள்களுக்கு 248 வாக்கியங்கள் இருந்தன. கணிப்பவர் சைன் அட்டவணையைத் தொடவே தேவையில்லை. சமன்பாடு ஏற்கெனவே தீர்க்கப்பட்டு விடை சொல்லுக்குள் வைக்கப்பட்டிருந்தது. 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்தார். அந்தக் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறார் வாரன்.

இதை எள்ளலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த முறை செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. ஆனால் அது விடையளிக்கக்கூடிய கேள்விகள் முன்பே வரையறுக்கப்பட்டவை. கேள்வி சற்று மாறினால் வாக்கியம் உதவாது. பொதுத் தீர்வுச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவரின் நிலையும் இதற்கு நெருக்கமானது.

ஒரு பாகையின் சிக்கல்

அட்டவணை தயாரிப்பதே ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும்படி கணிதர்களைத் தள்ளியது. ஐங்கோணமும் சமபக்க முக்கோணமும் 72°, 60° ஆகியவற்றைத் தருகின்றன. இரண்டின் வேறுபாடு 12°. அதைப் பாதியாக்கினால் 6°, மீண்டும் பாதியாக்கினால் 3°. இதுவரை வர்க்கமூலம் போதும். 3 பாகையிலிருந்து 1 பாகைக்குப் போகக் கோணத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வர்க்கமூலம் போதாது. தாலமி 1 பாகையின் நாணை, முக்கால் பாகை, ஒன்றரைப் பாகை ஆகியவற்றின் நாண்களுக்கு இடையே நெருக்கித் தோராயமாகப் பெற்றார்.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கந்தில் உலுக் பெக்கின் ஆதரவில் பணியாற்றிய அல்-காஷி இதைச் சமன்பாடாகவே எடுத்துக்கொண்டார். மும்மடங்குக் கோண முற்றொருமையின்படி, ஒரு கோணத்தின் சைனை மூன்றால் பெருக்கி, அதன் கனத்தின் நான்கு மடங்கைக் கழித்தால் மும்மடங்குக் கோணத்தின் சைன் கிடைக்கும். 3 பாகையின் சைன் தெரியும். எனவே 1 பாகையின் சைன் ஒரு முப்படிச் சமன்பாட்டின் மூலம். அதை அவர் மீண்டும் மீண்டும் திருத்தும் முறையில் தீர்த்தார்.

இன்றைய தசம எண்களில் அதைச் செய்து பார்க்கலாம். 3 பாகையின் சைன் 0.0523359562. அதன் மூன்றில் ஒரு பங்கு 0.0174453187, இது முதல் மதிப்பீடு. இதன் கனத்தை 4/3ஆல் பெருக்கி முதல் மதிப்பீட்டுடன் கூட்டினால் 0.0174523978. இந்தப் புதிய மதிப்பின் கனத்தைக் கொண்டு அதே செயலைத் திரும்பச் செய்தால் 0.0174524064. இரண்டே படிகளில் பத்துத் தசம இடங்கள் சரியாகிவிட்டன. அல்-காஷி அறுபதின்ம எண்களில் தொடர்ந்து சென்று, தசமத்தில் 16 இடங்களுக்குச் சரியான மதிப்பை எட்டினார்.

வியேட்டும் 45ஆம் படிச் சமன்பாடும்

'எல்லா விடைகளும்' என்ற கேள்வி வெளிப்படையாக எழுந்த இடங்களுள் ஒன்று பிரான்சு. 1593இல் அட்ரியான் வான் ரூமன் என்னும் கணித அறிஞர் தம் நூலில் 45ஆம் படிச் சமன்பாடு ஒன்றை உலகக் கணிதர்களுக்கு அறைகூவலாக வெளியிட்டார். அதைத் தீர்க்கக்கூடியவர் பிரான்சில் யாரும் இல்லை என்று டச்சுத் தூதர் நான்காம் என்றி மன்னரிடம் சொன்னதாகவும், மன்னர் உடனே பிரான்சுவா வியேட்டை வரவழைத்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வியேட் தொழிலால் வழக்கறிஞர், அரசவை ஆலோசகர். மன்னருக்காக எதிரிகளின் சங்கேதக் கடிதங்களை அவிழ்த்தவர். சமன்பாட்டைக் கண்டதுமே அவர் விடை சொன்னார். பிறகு 23 விடைகளைத் தந்தார். 1595இல் தம் தீர்வை நூலாக வெளியிட்டார்.

அந்தச் சமன்பாடு 45, 3795 என்னும் கெழுக்களுடன் தொடங்குவதைக் கண்ட வியேட், இது ஒரு கோணத்தின் சைனையும் அதன் 45 மடங்குக் கோணத்தின் சைனையும் இணைக்கும் முற்றொருமை என்று உணர்ந்தார். வலப்பக்கத்தில் இருந்த சிக்கலான வர்க்கமூலக் கோவை 12 பாகைச் சைனின் இருமடங்கு. எனவே தேடும் கோணத்தின் 45 மடங்கு 12°. கோணம் 12/45 பாகை, அதாவது 16 நிமிடம்.

45 மடங்குக் கோணம் 12° ஆக இருக்கலாம்; அல்லது ஒரு சுற்றைக் கூட்டி 372° ஆக இருக்கலாம்; 732° ஆகவும் இருக்கலாம். சைன் மாறாது. ஆனால் 45ஆல் வகுக்கும்போது ஒவ்வொரு சுற்றும் 360/45 = 8 பாகை வேறுபாட்டைத் தருகிறது. எனவே கோணங்கள் 16 நிமிடம், 8 பாகை 16 நிமிடம், 16 பாகை 16 நிமிடம் என்று எட்டெட்டாக வளர்கின்றன. 176 பாகை 16 நிமிடம் வரை மொத்தம் 23 கோணங்கள். இவற்றின் சைன்கள் நேர்மறை. அதற்குமேல் வரும் 22 கோணங்களின் சைன்கள் எதிர்மறை. 23உம் 22உம் சேர்ந்தால் 45. சமன்பாட்டின் படியும் 45. எதிர்மறை மூலங்களை வியேட் ஏற்கவில்லை. அக்காலத்தில் சைன் என்பது ஒரு கோட்டின் நீளம்; நீளம் எதிர்மறையாக இருக்க முடியாது.

கெப்ளரின் சமன்பாடு

எல்லாச் சமன்பாடுகளும் இப்படி வசப்படுவதில்லை. 1609இல் வெளியான தம் வானியல் நூலில் கெப்ளர், நீள்வட்டப் பாதையில் செல்லும் கோள் குறித்த நேரத்தில் எங்கிருக்கும் என்று கேட்டார். அதற்கான சமன்பாட்டில் தெரியாத கோணம் தனியாகவும் வருகிறது. அதன் சைனாகவும் வருகிறது. வில்லும் அரைநாணும் வெவ்வேறு இனம் என்பதால் இதை நேரடியாகத் தீர்க்க முடியாது என்று கெப்ளர் கருதினார். முடிந்தவர் வழி காட்டட்டும் என்று கணிதர்களை அழைத்தார். இச்சமன்பாடு இன்றும் அல்-காஷி செய்ததைப் போன்ற மீள்திருத்த முறைகளால்தான் தீர்க்கப்படுகிறது.

வகுப்பறையில் இதன் சாயலைக் காட்டுவது எளிது. கணிப்பானை ரேடியன் நிலையில் வைத்து, ஏதேனும் ஓர் எண்ணை இட்டு, கொசைன் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் திரையில் எண் 0.739085 அருகே நிலைத்துவிடும். தன் கொசைனுக்குத் தானே சமமாகும் எண் அது. சூத்திரம் இல்லாத சமன்பாட்டுக்கும் விடை உண்டு என்பதை மாணவர் கண்ணால் காணும் வாய்ப்பு இது.

ஆய்லர் தந்த பொதுத் தீர்வு

வியேட்டுக்குத் தடையாக இருந்த 'நீளம்' என்னும் கருத்தை விலக்கியவர் ஆய்லர். 1748இல் வெளியான பகுப்பாய்வு நூலில் அவர் ஆரத்தை 1 எனக் கொண்டு, சைன், கொசைன் ஆகியவற்றை எந்த எண்ணுக்கும் மதிப்புத் தரும் சார்புகளாக நடத்தினார். கோணம் எதிர்மறையாகலாம், ஆயிரம் சுற்றுகளைத் தாண்டலாம், ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் மதிப்பு திரும்ப வரும். இந்நிலையில்தான் 'எல்லா விடைகளையும் எழுதுக' என்பது முழுப் பொருளுள்ள கேள்வியாகிறது.

இன்று பாடநூலில் உள்ள மூன்று விதிகளும் இதன் விளைவுகளே. கொசைனுக்கு, 360 பாகையின் முழு மடங்குடன் கோணத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். டேன்ஜெண்ட்டுக்கு, 180 பாகையின் முழு மடங்குடன் கூட்ட வேண்டும். சைனுக்கு, 180 பாகையின் இரட்டை மடங்கானால் கூட்டவும், ஒற்றை மடங்கானால் கழிக்கவும் வேண்டும். அலகு வட்டத்தில் சைன் என்பது உயரம். ஒரே உயரத்தில் வட்டத்தின் வலப்பக்கம் ஒரு புள்ளி, இடப்பக்கம் ஒரு புள்ளி. கொசைன் என்பது கிடைத்தொலைவு. ஒரே கிடைத்தொலைவில் மேலே ஒன்று, கீழே ஒன்று. வட்டத்தை வரைந்தவருக்கு இந்த விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரிதாக இல்லை.

பாடநூலுக்குள் வந்த விதம்

19ஆம் நூற்றாண்டில் இப்பொருள் பாடத்திட்டத்துக்குள் உறுதியாக இடம்பிடித்தது. சைனின் தலையில் −1 இட்டு நேர்மாறைக் குறிக்கும் வழக்கத்தை 1813இல் ஜான் எர்ஷல் அறிமுகப்படுத்தினார். அதைத் தலைகீழ்ப் பின்னமாக எடுத்துக்கொள்ளும் மாணவர் தவறு அன்றிலிருந்து தொடர்கிறது. 'ரேடியன்' என்னும் சொல் அச்சில் முதலில் தென்பட்டது ஒரு தேர்வுத் தாளில்: 1873இல் பெல்பாசுட்டின் குயின்சு கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் அமைத்த வினாக்களில்.

1893இல் வெளிவந்த எஸ். எல். லோனியின் முக்கோணவியல் நூல் இந்தியாவில் நீண்ட காலம் பயிலப்பட்டது. இன்றும் போட்டித் தேர்வு மாணவர்கள் அதை வாங்குகிறார்கள். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுசன், மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து இந்நூலைப் பெற்றுப் படித்து முடித்தார். சைன், கொசைன் பற்றி ஆய்லர் கண்ட தொடர்புகளை அவர் தாமாகவே கண்டறிந்தார் என்றும், அவை முன்பே அறியப்பட்டவை என்று தெரிந்ததும் எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி வைத்துவிட்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

வகுப்பறையில் வழுக்கும் இடங்கள்

இப்பாடத்தில் மாணவர் மதிப்பெண் இழக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, விடையைத் தொலைப்பது. சைன் 2அ = சைன் அ என்ற சமன்பாட்டின் இடப்பக்கம் 2 × சைன் அ × கொசைன் அ. இருபுறமும் சைன் அ-வால் வகுத்தால் கொசைன் அ = 1/2 கிடைக்கும்; விடைகள் 60°, 300°. ஆனால் சைன் அ பூச்சியமாகும் 0°, 180° ஆகியவையும் விடைகள். வகுத்தபோது அவை போய்விட்டன. எல்லாவற்றையும் ஒருபுறம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் நான்கு விடைகளும் கிடைக்கும்.

இரண்டாவது, இல்லாத விடையைச் சேர்ப்பது. சைன் அ + கொசைன் அ = 1 என்பதன் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் சைன் 2அ = 0 என வரும்; அதிலிருந்து 0°, 90°, 180°, 270°. மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 180°, 270° இரண்டும் −1ஐத் தருகின்றன. வர்க்கப்படுத்தியபோது குறி மறைந்ததால் வந்த மிகைத் தீர்வுகள் இவை. இடப்பக்கத்தை √2 × சைன் (அ + 45°) என்று மாற்றி எழுதினால், அ + 45° என்பது 45° அல்லது 135°; விடை 0°, 90° மட்டும்.

மூன்றாவது, சுற்றுகளை மறப்பது. சைன் 3அ = 1/2 என்பதை 0° முதல் 360° வரை தீர்க்கச் சொன்னால், பலர் 3அ = 30°, 150° என எழுதி 10°, 50° என்று நிறுத்திவிடுவார்கள். கோணம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் மும்மடங்கு மூன்று சுற்றுகள் சுற்றுகிறது. எனவே 3அ-வின் எல்லை 1080°. விடைகள் 10°, 50°, 130°, 170°, 250°, 290° என ஆறு. ஒவ்வொரு விடையும் 120 பாகை இடைவெளியில் திரும்ப வருகிறது. வியேட்டின் கணக்கில் வந்த 8 பாகைப் படி இங்கே 120 பாகையாக வருகிறது. இரண்டும் ஒரே வாதம்.

இந்த மூன்று தவறுகளும் கணக்குப் போடத் தெரியாததால் வருபவை அல்ல. ஒரு விடை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதால் வருபவை. பழைய வானியலர் அப்படி எண்ணலாம். எந்த விடை வேண்டும் என்பதை அவருக்கு வானம் சொன்னது. நில அளவையாளருக்குக் களம் சொன்னது. தேர்வுத் தாளில் இருக்கும் சமன்பாட்டுக்குப் பின்னால் வானமும் இல்லை, களமும் இல்லை. மாணவர் கையில் இருப்பது வட்டம் மட்டுமே. ஆகவே பொதுத் தீர்வுச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் ஒரு வட்டத்தை வரைந்து, ஒரே உயரத்தில் உள்ள இரு புள்ளிகளைக் குறித்து, இன்னொரு சுற்றுப் போனால் என்ன ஆகும் என்று மாணவரிடம் கேட்கும் ஆசிரியர், வியேட்டிலிருந்து ஆய்லர் வரை நிகழ்ந்த ஒன்றரை நூற்றாண்டு மாற்றத்தை ஒரே பாடவேளையில் அவர்களுக்குக் காட்டிவிடுகிறார்.